முத்திரையில் கோபுரம், வகுப்பறையில் ஆங்கிலம்!

தமிழக அரசு விடுக்கும் ஒவ்வோர் ஆணையின் தலையிலும் ஒரு கோபுரம் நிற்கிறது. பதினொரு நிலை கொண்ட திருவில்லிபுத்தூர்க் கோபுரம் அது. அதனடியில் 'வாய்மையே வெல்லும்' என்று தமிழில் பொறித்துள்ளனர். ஆனால், அக்கோபுர நிழலில் வாழும் தமிழ்ப் பெற்றோர், தாய்ப்பால் மணம் மாறாத பிள்ளைக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, ஊர்தியில் திணித்து ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். அண்டை ஊராகிய இராசபாளையத்திலும் இதே கூத்துத்தான்!

கல்வி என்னும் சொல்லுக்கு வேர் கல் என்பதே. கல்லுதல் என்றால் தோண்டுதல். பிள்ளையின் உள்ளத்தில் ஏற்கெனவே ஊறிக் கிடப்பதைத் தோண்டி வெளிக்கொணர்வதே கல்வி. ஊறிக் கிடப்பது தாய்மொழியில் அன்றோ? தோண்டும் கருவி மட்டும் அயன்மொழியாயின் ஊற்று எப்படிக் கண் திறக்கும்?

இராசபாளைய நூற்றாலைத் தொழிலாளியைக் கேளுங்கள். நாற்பதாம் எண் நூல் இருபதாம் எண் நூலினும் மெல்லியது என்பார். 840 கெசச் சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடையாகுமோ அதுவே நூலின் எண். ஆதலால் எண் ஏற ஏற நூல் மெலியும். கணக்குப் பாடத்தில் எதிர்மாறல் என்று கற்பிப்பது இதைத்தான். தந்தைக்குக் கைவந்த இக்கணக்கை மகன் ஆங்கிலத்தில் பொருளறியாமல் உருப்போடுகிறான். தந்தையிடம் கேட்டால் விளங்கும் என்பதுகூட அவனுக்குத் தெரிவதில்லை. வீட்டறிவையும் பள்ளியறிவையும் இப்படி வெட்டிப் பிரித்தது யார்?

முதற் குற்றவாளி அரசு. 1999-இல் தமிழறிஞர் 102 பேர் சாகும்வரை உண்ணாநோன்பு இருக்கத் துணிந்த பின்னரே, ஐந்தாம் வகுப்புவரை தமிழ் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என்னும் ஆணை பிறந்தது. தனியார் பள்ளி முதலாளிகள் வழக்காடினர். 2000-இல் உயர்முறைமன்றம் அவ்வாணையைத் தள்ளிற்று. தாய்மொழிவழியை அரசு கட்டாயப்படுத்த இயலாதெனக் கருநாடக வழக்கில் 2014-இல் உச்சமுறைமன்றமும் கூறிவிட்டது. அது கிடக்கட்டும். தன் சொந்தப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறக்குமாறு அரசை எந்த மன்றம் கட்டாயப்படுத்திற்று? விளைவு என்ன? 2022-இல் பத்தாம் வகுப்புத் தேர்வில் 47,000-க்கும் மேற்பட்டோர் தமிழ்ப்பாடத்திலேயே தோற்றனர். தமிழ்நாட்டில்!

"ஆங்கிலம் இன்றி வாழ முடியுமா?" என்பார் சிலர். இராசபாளையத்தை அடுத்த முறம்பில் 1919-இல் ஆசிரியப் பணி தொடங்கியவர் மொழிஞாயிறு பாவாணர். தமிழின் முதன்மையை நிறுவ 1966-இல் ஆங்கிலத்திலேயே நூலெழுதினார். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பதை எவரும் மறுக்கவில்லை. அதன் வழியாகவே எல்லாவற்றையும் கற்பதுதான் கேடு.

இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் உள்ளனவே எனலாம். உண்மை. அவ்வூரின் மு. கு. சகந்நாத ராசா தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஆண்டாள் வரலாற்றைக் கிருட்டிணதேவராயர் தெலுங்கில் பாடிய காப்பியத்தைத் தமிழில் பெயர்த்துத் தந்தவர் அவரே. இரு மொழியும் அவரிடம் செழித்தன. வீட்டுமொழியும் நாட்டுமொழியும் அறியாமல் ஆங்கிலம் மட்டும் அரைகுறையாய்ப் பேசும் தலைமுறையிடம் எது செழிக்கும்?

செய்ய வேண்டியவை அரியன அல்ல. தொடக்க வகுப்புகளுக்கு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அவரைக் கணக்கெடுப்புக்கும் படிவம் நிரப்புவதற்கும் இழுத்தடித்தல் கூடாது. விடைத்தொகுப்பை ஒப்பிப்பவனுக்கு மதிப்பெண் வழங்கும் வினாத்தாள் ஒழிய வேண்டும். ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியர் வேண்டும். அச்சம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்வழியிற் படித்தோர்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒவ்வோர் ஊர்ப் பள்ளிச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். அதனை அறியாத பெற்றோர் இன்னும் பலர்.

இன்னொன்றும் கேட்கவேண்டியுள்ளது. மேடையேறித் தமிழ் வாழ்க என முழங்குவோரும், அரசுப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஊதியம் பெறுவோரும் தம் மக்களை எவ்வழியில் படிக்க வைக்கின்றனர்? வரும் சேர்க்கைக் காலத்தில் திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் இவ்வினாவைத் தெருத்தெருவாய்க் கேளுங்கள். முதலில் நம்மவர் வீட்டு வாயிலில் நின்று கேளுங்கள்!