பாட்டியின் பெயரால் சொல்லப்படும் பொய்

"நம் பாட்டிகள் பத்துப் பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றார்கள். இப்போது மட்டும் ஆஸ்பத்திரி எதற்கு?" வீட்டுப் பிரசவத்தை இயற்கை வாழ்வு என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களின் வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். இளம் தம்பதிகள் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். உயிர் போகிற விஷயம் என்பதால் மரியாதைக்காகக்கூட இதைப் பேசாமல் விட முடியாது.

பத்துப் பெற்ற பாட்டி சாட்சி சொல்ல உயிரோடு இருந்தாள். தலைப்பிரசவத்தில் செத்துப்போனவளை எந்த மேடையில் ஏற்றுவார்கள்? உங்கள் குடும்பத்திலேயே விசாரியுங்கள். தாத்தா ஏன் இரண்டாம் தாரம் கட்டினார் என்று கேட்டால், மூத்தவள் பிள்ளைப்பேற்றில் போய்விட்டாள் என்று பல வீடுகளில் பதில் வரும். பெற்ற பத்தில் எத்தனை தங்கின என்பதையும் கேளுங்கள். 2001–03இல்கூடத் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20இல் அது 54 ஆகக் குறைந்தது. இயற்கை ஒன்றும் அதற்குள் மனம் இரங்கிவிடவில்லை. ஊசியும் ரத்தமும் ஆம்புலன்சும் 24 மணி நேரச் செவிலியரும் வந்ததால் பிழைத்த உயிர்கள் அவை.

அந்தப் பாட்டி தனியாகவும் பெறவில்லை. ஊர் முழுக்கப் பிள்ளை எடுத்துக் கைபழகிய மருத்துவச்சி பக்கத்தில் இருந்தாள். இன்று இவர்கள் அந்த இடத்தில் உட்கார வைப்பது யாரை? ஒரு பிரசவத்தையும் கண்ணால் பார்த்திராத கணவனையும் அவன் கையிலுள்ள செல்போனையும். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிறந்தது, ரத்தப்போக்கில் தாய் இறந்தார். அதன் பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை என்பதுதான் கொடுமை.

பிரசவம் நோயல்ல என்கிறார்கள். நோயல்லதான். இடுப்பில் பிடித்து முன்வயிற்றுக்கு வரும் வலி விட்டுவிட்டு வந்து நெருங்கும். பொய் வலியானால் சற்றுப் படுத்தால் அடங்கிவிடும். கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் விரிய, முதல் பிரசவத்தில் அரை நாளுக்கு மேலும் ஆகலாம். பெரும்பாலும் எல்லாம் தானாகவே நடக்கும். ஆனால் அவ்வளவு நேரமும் செவிலியர் குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறார். அது நிமிடத்துக்கு 110க்குக் கீழே இறங்கி நின்றால் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். வீட்டில் அதை எண்ண யார் இருக்கிறார்கள்?

குழந்தை அழுத சத்தம் கேட்டதும் வெளியே இருப்பவர்கள் நிம்மதி அடைகிறார்கள். தாய்க்கு மிகப் பெரிய ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்தபின் கருப்பை இறுகிச் சுருங்காவிட்டால் அந்த ரத்தம் வெளியே கொட்டும். ஒன்பது மாதமும் ஒரு குறையுமில்லாத பெண்ணுக்கும் இது நேரும். இதைத் தடுக்கத்தான் குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். மூச்சுப் பயிற்சியோ கஷாயமோ அந்த ரத்தத்தை நிறுத்தாது.

அவர்கள் சொல்வதில் ஒன்று உண்மை. தமிழ்நாட்டில் சிசேரியன் மிக அதிகம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். பிரசவ அறையில் அதட்டலும் வசவும் கேட்கிற பெண்களும் இருக்கிறார்கள். இரண்டும் வெட்கக்கேடு; இரண்டையும் எதிர்த்துக் கேட்க வேண்டும். எதற்காக அறுக்கிறீர்கள் என்று கேட்க ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் சுகப்பிரசவங்களே நடக்கின்றன. கத்திக்குப் பயந்தவளுக்கு அந்த வழியைக் காட்டாமல் படுக்கையறைக் கதவைத் தாழிடச் சொல்வது இயற்கைப் பற்று அல்ல, பொறுப்பின்மை.

கர்ப்பிணிகளே, எட்டாம் மாதத்திலேயே எந்த மருத்துவமனை, எந்த வண்டி, ரத்தம் தர யார், கூட இருக்கப்போவது யார் என்று முடிவுசெய்துவிடுங்கள். தாய்-சேய் நல அட்டையைத் துணிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வலி நெருங்கி வந்தாலும், பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் யாரிடமும் யோசனை கேட்டு நிற்காமல் 108ஐ அழையுங்கள்.