நாய்க்குட்டி வணிகத்துக்குக் கடிவாளம்

நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போர் ஒருவரும் பதிவின்றித் தொழில் நடத்த அரசு இடம் தரக் கூடாது. விதிகளுக்குப் பஞ்சமில்லை. 2017இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். 18 மாதம் நிறையாத பெண் நாயை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. 12 மாதத்தில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தமிழக அரசு 2024இல் வெளியிட்ட கொள்கையும் நம் வெயிலைத் தாங்காத சைபீரியன் ஹஸ்கி போன்றவற்றைப் பெருக்குவதை எதிர்த்து, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நாட்டினங்களின் பக்கம் நின்றது. ஓட்டை கண்காணிப்பில்தான். வீட்டு மாடியில் நடக்கும் குட்டி வியாபாரம் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படம் போதும். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதமோ 10 முதல் 50 ரூபாய். குட்டியின் விலைக்கு முன் அது வெறும் சில்லறை. அபராதத்தை உயர்த்துவது நாடாளுமன்றத்தின் வேலை. அதுவரை, தாம்பரம் மாநகராட்சி போன்ற உள்ளாட்சிகள், வளர்ப்பு நாய்க்கு உரிமம் வழங்கும்போதே குட்டி வாங்கிய இடத்தின் பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். எண் இல்லாத இடங்களை வாரியம் இழுத்து மூட வேண்டும்.