டீசல் கேனுக்காக ரோடு காத்திருக்கணுமா?

காலை 9 மணி. ஆபீஸ் போகிற நேரம். ரோட்டில் பாதியைத் தடுப்பு வைத்து அடைத்தாச்சு. உள்ளே பள்ளம். பக்கத்தில் ஜே.சி.பி. சும்மா நிற்கிறது. ரிப்பேரா என்று கேட்டால், “டீசல் வாங்க ஆள் போயிருக்கு சார்” என்கிறார்கள்!

அந்த ஆள் எங்கே? பங்க்கில், இரண்டு கேனோடு வரிசையில்! கேனை பைக்கில் கட்டி, நெரிசலைத் தாண்டி வந்து சேரணும். நெரிசலுக்குக் காரணமே இந்தப் பள்ளம்தான்.

சென்னையில் மெட்ரோ ரயில் 2-ம் கட்டம் மட்டும் 118.9 கிலோ மீட்டர். அதுபோன்ற பெரிய வேலைகளுக்கு டீசல் வண்டி இடத்துக்கே வந்து நிரப்பிவிட்டுப் போகும். அவஸ்தை எல்லாம் வடிகால், குடிநீர்க் குழாய், கேபிள் என்று சின்ன கான்டிராக்டர்கள் தோண்டும் தெருக்களில்தான்.

ஜே.சி.பி. மணிக்கு 4 முதல் 6 லிட்டர் டீசல் குடிக்கும். 20 லிட்டர் கேன் எவ்வளவு நேரம் தாங்கும்? மத்தியானத்துக்குள் மறுபடியும் ஆள் ஓடணும். நின்ற நேரத்துக்கும் டிரைவருக்குச் சம்பளம் உண்டு. பள்ளத்துக்கு எதிரே கடை போட்டிருப்பவருக்கு யார் கொடுப்பது?

வழி சுலபம். சாயங்காலம் வேலை முடிந்ததும் டாங்க்கை நிரப்பி வைக்கணும். காலையில் சாவி போட்டால் வேலை ஆரம்பம். இன்னொரு லாபமும் உண்டு. பாதி காலியான டாங்க்கில் ராத்திரி ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். நம்முடையதோ கடலோர ஊர்! அந்தத் தண்ணீர் இன்ஜெக்டரைக் கெடுத்தால் செலவு ஆயிரக்கணக்கில். ஒரு கை பம்ப் அதைவிட மலிவு.

200 லிட்டர் பீப்பாயும் கை பம்பும் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். வேண்டாம். பெட்ரோலியச் சட்டப்படி, ஓர் இடத்தில் டீசல் 2500 லிட்டருக்கு மேல் போகாமலும், எந்தக் கலமும் 1000 லிட்டருக்கு மேல் கொள்ளாததாகவும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை.

கேனில் ஊற்றுவதில் இன்னொரு வினை. புனலில் வழிந்த டீசல் ரோட்டில் ஓடும். பெட்ரோல் மாதிரி சீக்கிரம் ஆவியாகாது. மேலே நாலு தூறல் விழுந்தால் போதும், ஸ்கூட்டரில் வருபவர் சறுக்கி விழுவார். பெயர் என்னவோ “வேகமாக வந்து விழுந்தார்” என்றுதான்! வழிந்த இடத்தில் ஒரு சட்டி மணல் கொட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஓடுகிற ஜெனரேட்டரிலேயே டீசல் ஊற்றுவது, பக்கத்தில் பீடியோடு நிற்பது... இதையெல்லாம் கேட்க ஆள் இல்லை.

ரோடு தோண்ட அனுமதி தரும்போது தடுப்பு வை, விளக்கு வை, போர்டு வை என்கிறார்கள். அதோடு, “டீசலை வேலை முடிந்த பிறகு பம்ப் வைத்து நிரப்பு, பக்கத்தில் மணல் வாளி வை” என்று ஒரு வரி சேர்க்கலாமே! சர்க்காருக்கு ஒரு பைசா செலவில்லை. மாநகராட்சி என்ஜினீயர்கள் அடுத்த அனுமதிச் சீட்டிலேயே எழுதுவார்களா?