ஆண்கள் கழுத்தில் முத்து மாலை: தூத்துக்குடி உரிமை கேட்க முடியுமா?

2025 ஜூனில் மிலன் நகரில் பிராடா நடத்திய ஆண்கள் ஃபேஷன் ஷோ ஞாபகம் இருக்கா? மாடல்கள் காலில் இருந்தது அச்சு அசல் கோலாப்பூரி செருப்பு. இந்தியாவின் பெயரே முதலில் சொல்லப்படவில்லை. 2019-லேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்ததாக பிராடா ஒப்புக்கொண்டது.

அதே கேள்வியை முத்து விஷயத்திலும் கேட்கலாமா?

ஆண்கள் ஃபேஷனில் முத்துக்கு இப்போ நல்ல மவுசு. 2019 மெட் காலாவுக்கு பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் ஒற்றை முத்துக் காதணியோடு வந்தார். 2020 ஜனவரியில் ஜப்பானின் மிகிமோட்டோ நகை நிறுவனமும் காம் டி கார்சோன் ஆடை நிறுவனமும் சேர்ந்து, ஆண்களும் அணியும் முத்து மாலைகளை அறிவித்தன. ஒரே சீரான அகோயா முத்துகளோடு வெள்ளிச் சங்கிலி. பாட்டி காலத்து நகை என்ற நினைப்பை மாற்றியதே அந்த வெள்ளிதான்.

புதுசுன்னு சொன்னா தூத்துக்குடிக்காரங்க சிரிப்பாங்க. 13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே தையல்காரரே கிடையாது என்று எழுதினார். மன்னரின் இடுப்பில் ஒரு துணி. கழுத்தில் 104 பெரிய முத்துகளும் மாணிக்கங்களும் கோத்த பட்டுச்சரம். தினமும் 104 முறை பிரார்த்தனை சொல்ல அந்தச் சரம்தான் கணக்காம்.

அந்த முத்து சும்மா வந்ததில்லை. மன்னார் வளைகுடாவில் 'பார்' எனப்படும் கடலடித் திட்டுகளுக்கு, கயிற்றில் கட்டிய கல்லின் உதவியோடு ஒரே மூச்சில் இறங்கி சிப்பி அள்ளினார்கள். கரையில் அதை அழுகவிட்டு, கழுவி, பித்தளைச் சல்லடைகளில் சலித்து ரகம் பிரித்தார்கள்.

சிக்கல் எங்கேன்னா, கோலாப்பூரில் இன்றும் செருப்பு தைக்கிறார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன் பிறகு குளிப்பு நடத்தும் அளவுக்குப் பார்களில் சிப்பி சேரவில்லை.

வாய்ப்பு ஒன்று வந்தது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டியது. ஜப்பானின் அகோயா சிப்பிக்கு நெருங்கிய சொந்தம், நம்ம கடல் சிப்பி. 1893-ல் மிகிமோட்டோ அங்கே வெற்றி கண்ட முயற்சி உலக பிராண்ட் ஆனது. இங்கே ஆய்வுக்கூட வெற்றி அப்படியொரு தொழிலாக வளரவில்லை. சென்னையிலிருந்து இரவு கிளம்பும் முத்துநகர் எக்ஸ்பிரஸில்தான் அந்தப் பெயர் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.