மேல்மாடி வெயில், கீழ்வீட்டு வெள்ளம்



சென்னையில் எண்பது, தொண்ணூறுகளில் எழுந்த மூன்று மாடி, நான்கு மாடிக் குடியிருப்புகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. மொட்டை மாடித் தட்டோட்டில் விரிசல், பால்கனிக்கு அடியில் காரை பெயர்ந்து தெரியும் துருக்கம்பி, படிக்கட்டுக்குக் கீழே பழைய மீட்டர் பெட்டிகள். இடித்துக் கட்டலாமா என்ற பேச்சும் பல இடங்களில் எழுந்திருக்கிறது. உறுதி இழந்த கட்டடத்துக்கு அதுதான் வழி. ஆனால், பொறியாளர் பார்த்து உறுதியாக இருக்கிறது என்று சொல்லும் கட்டடத்தைச் சீர்செய்து வாழவைப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

இந்தக் கட்டடங்களில் இரண்டு வீட்டுக்காரர்கள் அதிகம் அவதிப்படுகிறார்கள். மேல்மாடியில் இருப்பவருக்கு வெயில். பகல் முழுதும் காய்ந்த கான்கிரீட் தளம் இரவில்தான் அந்தச் சூட்டை உள்ளே இறக்குகிறது. பத்து மணிக்கு மேலும் மின்விசிறி அனல் காற்றையே தள்ளுகிறது. தரைத்தளத்தில் இருப்பவருக்கு வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். மீட்டரும் மோட்டாரும் முழுகினால் மாடி வீடுகளும் சேர்ந்தே இருளில் கிடக்கின்றன. சம்ப்பில் சாக்கடை கலந்தால் எல்லோருக்கும்தான் குடிநீர் இல்லை.

ஆகவே சங்கக் கூட்டத்தில் "மாடி வேலை மேல்மாடிக்காரர் செலவு, வெள்ளத் தடுப்பு கீழ்வீட்டுக்காரர் செலவு" என்று ஒதுக்குவது நியாயமில்லை. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது; அதன் செலவும் பொது.

எங்கிருந்து தொடங்குவது? நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் நல்ல வழிகாட்டி. 1931-இல் திறந்த அந்தக் கட்டடத்தை 2009-இல் சீரமைக்கத் தொடங்கியபோது, 6,514 ஜன்னல்களின் கண்ணாடியையும் கழற்றி, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பட்டறை வைத்துச் செப்பனிட்டு மாட்டினார்கள். உள்ளே வரும் வெப்பம் குறைந்ததால் பெரிய குளிர்விப்பு இயந்திரம் வாங்கத் தேவைப்படவில்லை, பழையதையே புதுப்பித்துக்கொண்டார்கள். மின்சாரம் உள்பட மொத்த எரிசக்திச் செலவை 38 சதவீதம் குறைப்பது திட்டம். முதலில் வெப்பத்தைத் தடுத்தார்கள், பிறகே இயந்திரத்துக்கு வந்தார்கள். இந்த வரிசை நமக்கும் பொருந்தும்.

ஏ.சி. வாங்கும் முன் மாடியைக் கவனிப்போம். விரிசலையும் கசிவையும் முதலில் அடைத்து, அதன்மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு வெளியிலேயே நிழல் தரலாம். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நான்கு விசிறிகள் தினமும் பத்து மணி நேரம் ஓடும் வீட்டில், இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

கீழே, மீட்டர் பலகையை வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே உயர்த்த மின்வாரியத்தில் விண்ணப்பிக்கலாம். மோட்டாரின் ஸ்டார்ட்டரையும் உயரத்தில் வைத்து, சம்ப் மூடியை நீர் புகாதபடி மாற்றலாம். துருக்கம்பியின் மேல் வெறும் சிமென்ட் பூசி மறைக்க வேண்டாம். உள்ளே துரு பருத்து, காரையை மறுபடி தள்ளிவிடும். கம்பியைச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூசிய பிறகே காரை.

இடித்துக் கட்ட 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும். மாடிக்கு வெள்ளையடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போதும். அக்னி நட்சத்திரத்துக்கு முன் மாடி வேலை, ஐப்பசி மழைக்கு முன் மீட்டர் வேலை என்று தீர்மானம் போடுங்கள். செலவை எப்படிப் பகிர்ந்தீர்கள், என்ன பலன் கண்டீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் கணக்கு இன்னொரு குடியிருப்புக்குத் துணிவு தரும்.

அன்புடன்,
ஆசிரியர்