ஜோடனையும் ஞாபகமும்

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ நகரை ஒட்டிய வால்ட் டிஸ்னி வேர்ல்டின் டைஃபூன் லகூன் என்ற நீர்ப்பூங்காவில், டிசம்பர் பண்டிகை நாட்களில் கிறிஸ்துமஸ் தாத்தா தன் கம்பளி அங்கியைக் கழற்றிவிடுகிறார். பூப்போட்ட சட்டை, அரைக்கால் சராய், சுற்றிலும் மணல், பனைகளில் விளக்குச் சரம். இதைப் படங்களில் பார்த்த நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இது ரசனைக் கேடு, வியாபாரம் ஒரு புனிதக் குறியீட்டைக் கோமாளியாக்கிவிட்டது என்பது ஒரு கட்சி. இல்லை, ஒரு குறியீடு புதிய மண்ணில் வேர்விடுவது இப்படித்தான், வெயில் ஊருக்கு வெயில் தாத்தா என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியோடும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் சட்டையைப் பற்றியே பேசுகின்றன. பேச வேண்டியது இடத்தைப் பற்றி.

முதல் கட்சியை முதலில் முடித்துவிடலாம். பனியும் கம்பளியும்தான் அசல், கடற்கரை போலி என்ற நினைப்புக்குச் சரித்திரத்தில் ஆதாரம் கிடையாது. இந்தத் தாத்தாவின் மூலபுருஷரான நிக்கோலாஸ் 4ஆம் நூற்றாண்டில் மைரா நகரத்து பிஷப். மைரா இன்றைய துருக்கியில், மத்தியதரைக் கடலோரத்தில், டெம்ரே என்ற பெயரில் இருக்கிறது. மாலுமிகளின் காவலராக வணங்கப்பட்டவர் அவர். அவருடைய எலும்புகளை 1087ல் இத்தாலியின் பாரி துறைமுகத்துக்குக் கொண்டு போனவர்களும் மாலுமிகளே. உப்புக் காற்றும் வெயிலும் அவருக்குப் பிறந்த வீடு. கலைமான் பூட்டிய சறுக்கு வண்டியை அவருக்குப் பிரபலமாக்கியது 1823ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் பெயரில்லாமல் வெளிவந்த ஒரு கவிதை. தாமஸ் நாஸ்ட் என்ற கேலிச்சித்திரக்காரர் 1863 ஜனவரியில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் வரைந்த தாத்தா, உள்நாட்டுப் போரில் வடக்கத்திய ராணுவ முகாமுக்குப் பரிசு கொண்டுவந்தார். அவர் உடுத்தியிருந்தது நட்சத்திரமும் பட்டையும் போட்ட அமெரிக்கக் கொடி. வட துருவத்தில் அவருக்கு வீடு கொடுத்தவரும் நாஸ்ட்தான். இன்று உலகம் முழுவதும் தெரிந்த அந்தக் குண்டுச் சிரிப்பை, 1931லிருந்து கோக்கோ கோலா விளம்பரங்களுக்காக ஹாடன் சன்ட்ப்ளம் தீட்டித் தீட்டி நிலைநாட்டினார். ஆக, எந்த அங்கி களங்கப்பட்டுவிட்டது என்று அழுகிறோம்? கொடியா, விளம்பரமா?

இரண்டாவது கட்சிதான் அபாயமானது. அது கேட்க நன்றாக இருக்கிறது. மண்ணுக்கேற்ற மாற்றம் என்கிறார்கள். எந்த மண்? அந்தப் பூங்காவின் கடற்கரை, கடலிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில், நிலத்தின் நடுவே கொட்டிய மணல். அலைகள் இயந்திரத்தின் அலைகள். அதே நிறுவனம் அதே மாதத்தில், சில மைல் தள்ளி, மேஜிக் கிங்டத்தின் பிரதான வீதியில் சோப்பு நுரையைத் தூவிப் பனி என்று விற்கிறது. வெயிலுக்கு விசுவாசமாக இருப்பவன் பக்கத்திலேயே பனியைத் தூவுவானா? அங்கே பனியும் மணலும் ஒரே கிடங்கிலிருந்து வருகிற சாமான்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரைக்கால் சராய் போட்ட தாத்தா சிரிப்பு மூட்டுவது கம்பளித் தாத்தா நம் மனதில் இருப்பதால்தான். அவரை எடுத்துவிட்டால் இவர் மணலில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு கிழவர். இன்னொன்றைக் கேலி செய்வதில் மட்டுமே உயிர் வைத்திருக்கிற உருவத்துக்குச் சொந்த மண் என்று ஒன்று இருக்க முடியாது.

'குழந்தைகள் தண்ணீரில் விளையாடுகிற இடம், அங்கே போய்ச் சரித்திரம் கேட்கலாமா' என்று ஒரு ஆட்சேபணை வரும். குழந்தைகள் விளையாடட்டும், நான் கேட்பது அவர்களை அல்ல. இடத்துக்குச் சரித்திரம் வேண்டும் என்று முதலில் சொன்னது அந்தப் பூங்காவேதான். 1989 ஜூனில் திறந்த டைஃபூன் லகூனுக்கு ஒரு ஸ்தல புராணம் இருக்கிறது: பெரும்புயல் ஒன்று ஊரைச் சூறையாடி, இறால் படகு ஒன்றைத் தூக்கி மலையுச்சியில் செருகிவிட்டதாம். 1995ல் திறந்த ப்ளிஸார்ட் பீச் என்ற இன்னொரு நீர்ப்பூங்காவுக்கும் உண்டு: ஃப்ளோரிடாவில் திடீரென்று பனிப்புயல் வீச, பேராசையில் பனிச்சறுக்கு விடுதி கட்ட, வெயில் வந்து பனி உருக, மிச்சமானது நீர்ச்சறுக்காம். வெறும் தண்ணீர் போதாது, கதை வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆகவே என்ன கதை சொன்னார்கள், எதை விட்டார்கள் என்று கேட்பது நியாயமான விமர்சனம்.

விட்டதைச் சொல்கிறேன். மத்திய ஃப்ளோரிடாவுக்குக் குளிர் ஒருபோதும் வேடிக்கைக் கதையாக இருந்ததில்லை. பூங்காவின் பெரும்பகுதி இருக்கிற மாவட்டத்தின் பெயரே ஆரஞ்சு. 1894 டிசம்பர் கடைசியிலும் 1895 பிப்ரவரியிலும் அடித்த உறைபனி அந்த வட்டாரத்து ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்து, விவசாயத்தையே தெற்கே தள்ளியது. மறுபடி நட்டார்கள். 1983 கிறிஸ்துமஸில் மறுபடி உறைந்தது, 1985 ஜனவரியிலும், கடைசி அடியாக 1989 கிறிஸ்துமஸிலும். அது டைஃபூன் லகூனின் முதல் டிசம்பர். அந்த நாட்களில் மின்சாரத்தை முறை வைத்து நிறுத்தினார்கள். தோட்டக்காரர்கள் இரவெல்லாம் மரங்கள் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் கிளையைக் காப்பாற்றும் என்பது கணக்கு. விடியும்போது பச்சை இலையிலும் பழத்திலும் பனிக்கட்டி தொங்கிக்கொண்டிருக்கும். குளிர் ஒரு அளவைத் தாண்டினால் அந்தக் கணக்கும் பொய்க்கும். பல தோட்டங்கள் பிறகு நடப்படவில்லை, மனைகளாக விற்கப்பட்டன. ஆறு வருஷம் கழித்து, அந்த நிலத்துக்கு அருகிலேயே, 'ஃப்ளோரிடாவில் பனிப்புயல்' என்பது ஒரு நகைச்சுவையாகத் திறந்துவைக்கப்பட்டது. வெயில் ஊர்க் கிறிஸ்துமஸுக்கு ஒரு மரம் வேண்டுமென்றால், பனிக்கட்டி சுமந்து நின்ற அந்த ஆரஞ்சு மரத்தைவிட வேறெது பொருந்தும்? அது பூங்காவின் கண்ணில் படவில்லை.

இன்னொன்று. அதே ஆரஞ்சு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு சிற்றூரின் பெயர் கிறிஸ்துமஸ். பண்டிகை வாழ்த்து அட்டைகளில் அந்த ஊர்த் தபால் முத்திரை விழ வேண்டும் என்று ஆட்கள் தேடிப் போகிறார்கள். பெயர் வந்த கதை இனிப்பானதல்ல. 1837 டிசம்பர் 25 அன்று அமெரிக்கத் துருப்புகள் அங்கே ஒரு கோட்டை கட்டத் தொடங்கின. தொடங்கிய நாளையே கோட்டைக்குப் பெயராக வைத்தன. செமினோல் மக்களை அவர்கள் நிலத்திலிருந்து பிடுங்கி மிஸிஸிப்பிக்கு மேற்கே அனுப்புவதற்கான யுத்தம் அது. 1835ல் தொடங்கி 1842 வரை நடந்தது. அதே கிறிஸ்துமஸ் நாளில், தெற்கே ஓகிச்சோபி ஏரிக்கரையில், பின்னாளில் ஜனாதிபதியான ஸக்கரி டெய்லர் செமினோல்களோடு போரிட்டுக்கொண்டிருந்தார். அவர்களுடைய தலைவர் ஓஸியோலாவை இரண்டு மாதம் முன்பு, சமாதானக் கொடியின் கீழ் பேச வந்த இடத்தில் பிடித்திருந்தார்கள். 1838 ஜனவரியில் அவர் சிறையில் இறந்தார். டிஸ்னி வேர்ல்டின் நிலம் இரண்டு மாவட்டங்களில் பரவியிருக்கிறது: ஒன்று ஆரஞ்சு, மற்றது ஓஸியோலா.

பனியில்லாத கிறிஸ்துமஸ், பனையடிக் கிறிஸ்துமஸ் அந்த மண்ணில் ஏற்கனவே நடந்திருக்கிறது. அதைப் பூங்காவில் பொம்மைகளாக்கிக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது இன்னும் பெரிய ஆபாசமாக முடியும். நான் சொல்வது இவ்வளவுதான்: கதை இல்லாத வெற்று நிலத்தில் கற்பனை நிரப்பப்படவில்லை. இருந்த கதை விலை போகாது என்பதால், அதன் மேல் மணல் கொட்டப்பட்டிருக்கிறது. பூப்போட்ட சட்டை ரசனைக் கேடு அல்ல. அது மறதியின் சீருடை.

வெயிலில் வேர்விட்ட கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு இடங்களில் உதாரணம் உண்டு. நியூஸிலாந்துக் கடற்கரைப் பாறைகளில் டிசம்பரில் சிவப்பாகப் பூக்கும் பொஹுடுகாவா மரத்தைக் குடியேறியவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துமஸ் மரம் என்று அழைக்கத் தொடங்கினார்கள். யாரும் அதைப் பைன் மரத்துக்குக் கேலியாக நடவில்லை. அந்த மாதம் அங்கே அது பூக்கிறது. மெல்போர்னில் 1938லிருந்து கோடைகால இரவில், திறந்த வெளியில், மெழுகுவர்த்தி ஏந்திப் பாடுகிறார்கள். டிசம்பரில் வெளியே உட்கார முடிகிற ஊரில்தான் அந்தச் சடங்கு பிறக்க முடியும். இவற்றுக்குப் பனியைத் திரும்பிப் பார்க்கும் அவசியம் இல்லை.

இதையெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இர்விங் பெர்லின் எழுதி, பிங் க்ராஸ்பி 1942ல் பாடிய 'வொயிட் கிறிஸ்துமஸ்' உலகப் பனிக்கெல்லாம் தேசிய கீதம் போல ஆகிவிட்டது. பெர்லின் எழுதிய பாட்டுக்கு ஒரு முன்பகுதி உண்டு. அதில் பாடுகிறவன் கலிஃபோர்னியாவில், பெவர்லி ஹில்ஸ் வெயிலில், பனைகளுக்கும் ஆரஞ்சு மரங்களுக்கும் நடுவே டிசம்பர் 24ஆம் தேதி நின்றுகொண்டு, தனக்கு எட்டாத வடக்கை நினைக்கிறான். க்ராஸ்பியின் இசைத்தட்டில் அந்த முன்பகுதி இல்லை. முன்பகுதி இருந்தவரை அது ஒரு மனிதன் ஒரு இடத்தில் நின்று தன் இல்லாமையைப் பார்த்த அநுபவம். வெட்டியதும் யாரும் எங்கும் தொங்கவிடக்கூடிய தோரணமாகிவிட்டது. பனி தோரணமானால், அதற்கு மாற்றாக வருகிற மணலும் தோரணமாகத்தான் வரும்.

நம் கவிதையில் நடந்துகொண்டிருப்பதும் இந்த வெட்டுதான். பைன் மரம் அந்நியம் என்று பிடுங்கிவிட்டுப் பனையை நடுகிறவர்கள், மண்ணுக்கு வந்துவிட்டதாக அறிவித்துக்கொள்கிறார்கள். மண்வாசனை என்று விமர்சகர்களும் கைதட்டுகிறார்கள். அந்தப் பனையடியில் யார் நின்றார்கள், யார் துரத்தப்பட்டார்கள், எந்த வருஷம் எது கருகியது என்ற பிரக்ஞை வரிகளுக்குள் இல்லையென்றால், பனை வெறும் படுதா. அந்நியப் படிமத்தைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களும் உள்ளூர்ப் படிமத்தைக் கண்டு புல்லரிக்கிறவர்களும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: படிமத்தின் உடையைச் சோதிக்கிறார்கள், அது நிற்கிற நிலத்தைத் தோண்டிப் பார்ப்பதில்லை. அடுத்த முறை ஒரு கவிதை நம் மண்ணின் மணம் வீசுகிறது என்று யாராவது எழுதினால், எந்த ஊர், எந்த வருஷம், யாருடைய நிலம் என்று கேளுங்கள். பதில் கவிதைக்குள் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது நுழைவுச்சீட்டு கொடுத்து உள்ளே விடும் ஒரு மணல்வெளியை.