தியானமும் மூளையும்

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிற் பிராகாரத்தில் கண்மூடி அமர்ந்திருப்போரை இவ்வூரார் அறிவர். தேவாலயத்தில் நெடுநேரம் மௌனமாய் முழந்தாளிட்டிருப்போரை யாமும் அறிவோம். இவ்விரு திறத்தாரும் தாம் பெறும் பயனுக்குத் தம் உள்ளத்தையே சான்றாகக் கொண்டனர். இக்காலத்தாரோ மூளையைச் சான்றுக்கு அழைக்கின்றனர். 'எட்டு வாரம் தியானம் புரியின் மூளை வளரும். தேர்வில் வெற்றி திண்ணம்' என மாணவரை நோக்கி உரைப்பார் பலராயினர். மூளை அத்துணையும் சொல்லிற்றா என்பதே ஈண்டு எமது வினா.

கண்மூடி அமைந்திருப்பாரது மூளையில் ஆல்பா என்னும் மின்னலை எழும். ஒளியோ ஓசையோ தாக்கின் அது கலைந்துவிடும். 1961ஆம் ஆண்டில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் என்னும் மூவர் யோகியர் சிலரை ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். பேரொளி பாய்ச்சியும், பேரோசை எழுப்பியும், சுடுகண்ணாடிக் குழலால் தீண்டியும் தியானத்திலிருந்த இருவர்க்கு அவ்வலை கலைந்திலது. தியானம் விட்டபொழுது அவர்க்கும் கலைந்தது. வேறிருவர் 4 பாகை வெப்பமே உள்ள குளிர்நீரில் முக்கால்மணி நேரமும் அதற்கு மேலும் கைவைத்திருந்தனர், அலை மாறிற்றிலது. வியப்பன்றோ! ஆனந்த், வெங்கர், பக்சி என்போருடன் கூடி, இதயத்தையே நிறுத்துவோம் என்றாரையும் சோதித்த முடிவும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. நாடி கைக்குத் தட்டுப்படவில்லை. ஆயினும் இதயம் துடித்துக்கொண்டேயிருந்ததைக் கருவி காட்டிற்று. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் கூறிய அந்நேர்மையே எம் உள்ளத்தைக் கவர்கின்றது.

நிற்க. மூளை வளரும் என்னும் பேச்சுக்கு வித்திட்டவற்றுள் ஒன்று, 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பதினாறு பேரை எட்டு வாரம் பயிற்றிச் செய்த ஆராய்ச்சி. நினைவுக்குரிய மூளைப்பகுதி செறிந்தது என்றனர். பின்னர், தியானத்தில் பெரும் பற்றுடைய ரிச்சர்டு டேவிட்சன் குழுவினரே இருநூற்றுக்கு மேற்பட்டாரைக் கொண்டு அதே பயிற்சியை ஆராய்ந்து, அத்தகைய மாறுதல் புலப்படவில்லை என 2022இல் வெளியிட்டனர். முன்னைய செய்தி ஊரெங்கும் பரவிற்று. பின்னையது பலர் செவிக்கு எட்டவே இல்லை.

ஆயின் தியானம் வீணோ? அன்று. நாற்பத்தேழு சோதனைகளை ஒருங்கே நோக்கிய 2014ஆம் ஆண்டு ஆய்வு, கவலையும் மனச்சோர்வும் ஓரளவு தணிகின்றன என்றது. 'ஓரளவு' என்னும் சொல்லை விழுங்கிவிடுதலே தீங்கு. உறக்கமற்று, உணவு வெறுத்து, புத்தகம் திறக்க மனமின்றி வாடும் மாணவனிடம் 'தியானம் செய், எல்லாம் சரியாகும்' என்பது, காய்ச்சலுற்றானை உலாவப் போகச் சொல்வதை ஒக்கும். அவன் மருத்துவரைக் காணல் வேண்டும். அதற்கும் நாணுவானாயின், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசி உண்டு. அதன் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.